சுவர்ப்பக்க அறை

அங்கே வெள்ளி மாலை ஐந்தரை.
இங்கே சனி விடிய நாலு மணி,
மழைக்கு மூன்றாம் நாள்.
அரசடியில் பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடி,
ஆறு கணினி, ஒரு யுபிஎஸ், ஒரு கேத்தில்.
நான் சோஃபி.
அடையாள அட்டையில் நிரோஜினி. அது கைப்பையில் கிடக்கட்டும்.

இரண்டு இரவு, மூன்று பகல்: இதுதான் எங்கள் சரக்கு.
மொன்றியலில் பஸ் ஏற்றி
கியூபெக் நகரின் மதிலுக்குள் தங்கவைத்து
ஞாயிறு காலை பனிச்சறுக்கு மலைக்குக் கொண்டுபோய் விடுவோம்.
சப்பாத்தும் தடியும் வாடகைக்கு, ஹெல்மெட் இலவசம்.
எந்தத் தெருவில் கல் பதித்திருக்கு,
எந்தப் படிக்கட்டு வழுக்கும்,
கீழ்நகரிலிருந்து மேல்நகருக்கு ஏறும் இழுவைப் பெட்டி
எத்தனை மணிக்கு நிற்கும்,
கேளுங்கள், சொல்வேன்.
எங்களூர்க் கோட்டைக்குள் போனது ஒரே ஒரு தரம்,
காணி உறுதிக்குப் பிரதி எடுக்க.
துண்டு இலக்கம் அறுபத்தொன்று.
மதிலின் தடிப்பைப் பார்க்க நேரமில்லை, வரிசை நகர்ந்துவிடும்.

"பிரெஞ்சு தெரியாமல் சமாளிக்கலாமா?"
எல்லாரும் கேட்பது.
ஒரு வணக்கத்தை அவர்கள் பாஷையில் சொல்லுங்கள்,
மிச்சத்தை அவர்களே ஆங்கிலத்துக்குத் திருப்புவார்கள்.
பக்கத்து மேசை ரெஜி பல்தசார்
டச்பாரிலிருந்து தாய் எடுத்தால்
போர்த்துக்கேயத்தில் குசுகுசுப்பான்.
வாசற்படியில தண்ணி ஏறிட்டாம் என்று
மறுகா என்னிடம் தமிழில்.
மறுகா யாரோ ஒருவருக்கு ஆங்கிலத்தில்
புதுப்பனி முப்பது சென்ரிமீற்றர், அருமையான வார இறுதி.
முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை.

நாலேகால். ஸ்காபரோவிலிருந்து ஒருவர்.
சீனித்தம்பி மேகராசா.
ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரைக் கண்டதும்
முதுகு நிமிர்ந்தது.
கேட்கக்கூடாது.
சோஃபிக்கு ஊர் கிடையாது, விதி நாலு.

பெரியவர் இரண்டு, பிள்ளை ஒன்று.
அவருக்குச் சறுக்கத் தெரியாதாம், மகளுக்குத்தான் ஆசையாம்.
விழுந்தால் காப்புறுதி உண்டா,
பனி கொட்டினால் பாதையைப் பூட்டுவார்களா?
விடியமுன் வழித்துவிடுவார்கள், பயப்படாதீர்கள்.
ஒரு நல்ல செய்தியும் இருக்கு:
ஆற்றுப்பக்க அறை, மேலதிகக் கட்டணம் இல்லை,
ஏழாம் மாடி, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி.
படம் அனுப்பினேன்.

மூன்று புள்ளி துள்ளியது, நின்றது, திரும்பத் துள்ளியது.
"வேண்டாம்.
தண்ணீர் தெரியும் அறையில் மனைவி நித்திரை கொள்ளமாட்டா.
சுவர் தெரிந்தால் போதும்."

ஆறு உறைந்திருக்கும், அசையாது என்று எழுதினேன்.
அழித்தேன்.
அது பொய்.
அங்கேயும் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம்
ஆற்றுக்குள் ஏறும்,
பனிப்பாளங்கள் எதிர்த்திசையில் போகும்.
அந்தக் காணொளியை
நான் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன்.

கல்லடியில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே சன்னல் இல்லை.
இருந்தது.
திரும்பக் கட்டும்போது அப்பா கல்லை வைத்துப் பூசிவிட்டார்.
காத்து வரல்ல எண்டு இதுவரைக்கும் ஆரும் சொன்னதில்லை.
அப்போது எனக்கு ஆறு வயது.
மற்றது கிடக்கட்டும்.

காட்சி என்ற பெட்டியில்
ஆறு, மலை, நகரம் மூன்றுதான் தெரிவுக்கு.
சிறப்புக் குறிப்பில் தட்டினேன்:
சுவர்ப்பக்கம். தடித்த திரை.
ஏழாம் மாடியே இருக்கட்டும்.
படிக்கட்டுக்குக் கிட்ட.
கடைசி இரண்டும் அவர் கேட்காதவை.

"நன்றி சோஃபி. நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?"
எழுதித் தந்த பதில்: ஒவ்வொரு குளிர்காலமும்.
கரண்ட் போனது, யுபிஎஸ் கீச்சிட்டது.
இல்லை, என்றேன். இங்கே மழை.

ஆறு மணிக்கு ரெஜியின் மோட்டார் சைக்கிளில்
பாலம் கடக்கையில்
வாவி இரண்டு பக்கமும் வெளுத்துக் கிடந்தது.
அவன் எதையோ கத்தினான், எந்தப் பாஷை என்று கேட்கவில்லை.
கைபேசியில் மதிப்பீடு வந்திருந்தது:
ஐந்துக்கு நான்கு.
பதில் வரக் கொஞ்சம் தாமதம்.